பெரிய மார்க்கெட்டும் ரஷ்யக் கூட்டுப் பண்ணையும்

புதுச்சேரியில் நேரு வீதிக்கும் பாரதி வீதிக்கும் இடையே உள்ள பெரிய மார்க்கெட்டில் பொருள் விற்கும் விவசாயிகளில் இரண்டு வகை உண்டு. கீரை, வெண்டை, பூ கொண்டுவருபவர் காத்திருக்க முடியாது. வெயில் ஏறினால் சரக்கு வாடிவிடும். கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் நெல், மணிலா, உளுந்து போன்றவற்றை வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. விலை படியவில்லை என்றால் மூட்டையை வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, ‘இப்போது விற்பதாக இல்லை’ என்று சொல்லிவிடலாம்.

கடன் நெருக்கடி இல்லாத வரையில் சிறு விவசாயியின் கையில் இருக்கும் பெரிய பலம் இதுதான். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் சோவியத் யூனியனில் இரண்டரைக் கோடி விவசாயக் குடும்பங்கள் இந்தப் பலத்தைப் பயன்படுத்தின. அங்கிருந்த கம்யூனிஸ்டு அரசாங்கத்துக்கு அது பெரிய சங்கடமாயிற்று. அந்தச் சங்கடத்திலிருந்து பிறந்ததுதான் ரஷ்யக் கூட்டுப் பண்ணை.

இன்று நம் கிராமங்களில் உற்பத்தியாளர் குழு, கூட்டுப் பண்ணையம் என்று பேச்சு வரும்போதெல்லாம், ‘ரஷ்யாவில் நடந்தது போல நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ’ என்று சிலர் அஞ்சுகிறார்கள். வேறு சிலர், ‘ரஷ்யாவைப் போல எல்லாரும் சேர்ந்து செய்தால்தான் விடிவு’ என்கிறார்கள். இரு சாராரும் அங்கே என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நிலம் முதலில் விவசாயிக்கே கிடைத்தது

1917ஆம் ஆண்டு நவம்பரில் லெனின் தலைமையில் ஆட்சிக்கு வந்தவர்கள் முதலில் பிறப்பித்த ஆணைகளில் ஒன்று நில ஆணை. ஜமீன்தார்களின் நிலங்கள் நஷ்டஈடு இல்லாமல் எடுக்கப்பட்டு விவசாயிகள் வசம் வந்தன. கிராமத்தார் கூடித் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அடுத்து உள்நாட்டுப் போர் மூண்டது. பட்டாளத்துக்கும் பட்டணத்துக்கும் உணவு வேண்டும் என்று ஆயுதம் தாங்கிய குழுக்கள் கிராமங்களுக்குச் சென்று தானியத்தை எடுத்துவந்தன. மிஞ்சியதெல்லாம் போய்விடும் என்றால் எவர் அதிகம் விதைப்பார்? சாகுபடிப் பரப்பு சுருங்கியது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, 1921-22ல் ஏற்பட்ட பஞ்சத்தில் சுமார் 50 லட்சம் மக்கள் மாண்டார்கள்.

1921 மார்ச்சில் லெனின் வழியை மாற்றினார். விவசாயி ஒரு குறிப்பிட்ட அளவு தானியத்தை வரியாகச் செலுத்தினால் போதும். மீதியைத் தன் விருப்பப்படி சந்தையில் விற்கலாம். இதைப் புதிய பொருளாதாரக் கொள்கை என்றார்கள். சில ஆண்டுகளிலேயே வயல்கள் மீண்டும் பசுமையாயின. பட்டணத்துச் சந்தைகளுக்கும் உயிர் வந்தது.

பட்டணத்துக்குத் தானியம் வரவில்லை

ஆனால் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. முன்பு பெரும்பண்ணைக்காரர்கள் விளைச்சலில் பெரும்பகுதியைச் சந்தைக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். நிலம் சிறு விவசாயிகள் கைக்கு வந்த பிறகு, அவர்கள் முதலில் தங்கள் வயிற்றையும் மாடு, கோழியையும் கவனித்தார்கள். பல தலைமுறை அரைவயிறு உண்டவர்கள் இப்போது முழு வயிறு உண்டார்கள். இதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் விற்பனைக்கு வந்த தானியம் குறைந்தது. போருக்கு முன் இருந்ததில் பாதிதான் சந்தைக்கு வருகிறது என்று 1928ல் ஸ்டாலின் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று பிற்காலப் பொருளாதார அறிஞர்கள் சிலர் எடுத்துக்காட்டியுள்ளனர். குறைந்தது உண்மை, எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு.

விலையும் ஒரு காரணம். 1923ல் துணி, ஆணி, மண்ணெண்ணெய், கலப்பைக் கொழு போன்ற ஆலைச் சரக்குகளின் விலை ஏறிக்கொண்டே போக, தானிய விலை இறங்கிக்கொண்டே வந்தது. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் விரிந்த கத்தரிக்கோல் போலத் தெரிந்ததால் இதற்குக் ‘கத்தரிக்கோல் நெருக்கடி’ என்று பெயர் வந்தது. ஒரு மூட்டை மணிலா விற்று முன்பு நான்கு வேட்டி வாங்கியவர், இப்போது ஒன்றரை வேட்டிகூட வாங்க முடியாது என்றால் எப்படி இருக்கும்? அந்த நிலைதான். அப்போது அரசு ஆலைச் சரக்கின் விலையைக் குறைத்து ஓரளவு சமாளித்தது.

1926, 1927ல் நிலைமை மீண்டும் மோசமாயிற்று. அரசு தானியக் கொள்முதல் விலையைக் குறைத்தது. கடைகளில் வாங்குவதற்கு ஆலைச் சரக்கும் போதவில்லை. கையில் காசு வைத்திருந்து என்ன பயன்? போர் வரும் என்ற வதந்தி வேறு. விவசாயிகள் கோதுமையைக் களஞ்சியத்தில் வைத்துக்கொண்டார்கள். சிலர் அதை மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, நல்ல விலை போகும் இறைச்சியாகவும் பாலாகவும் விற்றார்கள். விவரம் தெரிந்த எந்த விவசாயியும் செய்யக்கூடியதே இது. ஆனால் 1927-28 குளிர்காலத்தில் அரசுக் கொள்முதல் திடீரென்று சரிந்தது. அதன் பின் பட்டணங்களில் ரொட்டிக்கு ரேஷன் அட்டை வந்தது.

அரசின் முன் இருந்த இரண்டு வழிகள்

இந்த இடத்தில் கட்சிக்குள்ளேயே பெரும் விவாதம் நடந்தது. புகாரின் என்ற தலைவர், தானியத்துக்கு விலையை உயர்த்திக் கொடுங்கள், கிராமத்துக்கு வேண்டிய சரக்குகளை அனுப்புங்கள், கூட்டுறவு மூலம் விவசாயிகளை மெல்ல மெல்ல இணையுங்கள் என்றார். தொழில் வளர்ச்சி சற்று மெதுவாக நடந்தாலும் பரவாயில்லை என்பது அவர் கட்சி.

ஸ்டாலின் அதற்கு இசையவில்லை. 1928 ஜனவரியில் அவரே சைபீரியாவுக்குச் சென்றார். தானியத்தைப் பதுக்குவதாகச் சொல்லி, குற்றவியல் சட்டத்தின் 107ஆவது பிரிவின்படி வழக்குப் போட்டுப் பறிமுதல் செய்யச் சொன்னார். தொழில் வளர்ச்சிக்காக விவசாயிகள் ஒருவகைக் கப்பம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று அவ்வாண்டு ஜூலையில் கட்சிக் கூட்டத்தில் வெளிப்படையாகவே பேசினார்.

பறிமுதலால் அந்த ஆண்டு தானியம் கிடைத்தது. அடுத்த ஆண்டு விவசாயி குறைவாக விதைத்தார். மறுபடியும் பறிமுதல். இப்படி ஆண்டுதோறும் களஞ்சியத்தைத் தேடி அலைவதற்குப் பதில், களஞ்சியமே அரசின் கண்முன் இருந்தால் என்ன என்ற எண்ணம் வலுத்தது.

கூட்டுப் பண்ணையைத் தேர்ந்தெடுத்த காரணங்கள்

முதல் காரணம் உணவு. புதிய ஆலைகளுக்குக் கிராமங்களிலிருந்து லட்சக்கணக்கில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் குறைந்த விலையில் ரொட்டி வேண்டும்.

இரண்டாவது இயந்திரம். 1928ல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. ஆலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களை வெளிநாட்டில் வாங்க அந்நியச் செலாவணி தேவை. வெளியார் கடன் கொடுக்கத் தயங்கினார்கள். விற்பதற்குக் கைவசம் இருந்த முக்கியப் பொருள்களில் ஒன்று தானியம். 1930ல் சுமார் 48 லட்சம் டன், 1931ல் சுமார் 52 லட்சம் டன் தானியம் ஏற்றுமதியாயிற்று.

மூன்றாவது பெரும்பண்ணையில் வைத்த நம்பிக்கை. துண்டு துண்டான நிலத்தில் டிராக்டர் ஓட்ட முடியாது. வரப்பை எடுத்துவிட்டால் விளைச்சல் பெருகும் என்று நம்பினார்கள். ஆனால் 1928ல் நாடு முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 27,000 டிராக்டர்களே இருந்தன. அதாவது டிராக்டர் வருவதற்கு முன்பே வரப்பு போயிற்று.

நான்காவது அரசியல். சொந்த நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயி நாளடைவில் முதலாளி ஆகிவிடுவார், அவரிடமிருந்து முதலாளித்துவம் மறுபடி முளைக்கும் என்று கட்சி அஞ்சியது. கொஞ்சம் வசதியானவர்களைக் ‘குலாக்’ என்று அழைத்தார்கள். ரஷ்ய மொழியில் அதற்கு ‘முஷ்டி’ என்று பொருள். நடைமுறையில் ஒரு மாடு கூடுதலாக வைத்திருந்தவரும், அறுப்புக்கு ஆள் வைத்தவரும், பண்ணையில் சேர மறுத்தவரும்கூட இந்தப் பட்டியலில் விழுந்தார்கள்.

ஐந்தாவது காரணமே முக்கியமானது. இரண்டரைக் கோடி குடும்பங்கள் என்றால் இரண்டரைக் கோடி களஞ்சியங்கள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று எந்த அதிகாரியாலும் கணக்கெடுக்க முடியாது. கூட்டுப் பண்ணை வந்த பிறகு அவை சுமார் 2,40,000 பண்ணைகளாக அடங்கின. நூறு வீட்டுக்கு ஒரு களம் என்ற அளவு. களத்தில் நெல் அடிக்கும்போதே அரசுப் பங்கை அளந்து எடுத்துவிட்டால் விவசாயி ‘விற்கமாட்டேன்’ என்று சொல்வதற்கே இடமில்லை. விளைச்சலைப் பெருக்குவதைவிட, விளைந்ததைத் தவறாமல் எடுப்பதற்கே இந்த ஏற்பாடு அதிகம் உதவியது.

நடந்தது என்ன?

1929 டிசம்பரில் குலாக்குகளை ஒரு வர்க்கமாகவே ஒழிப்பது என்று ஸ்டாலின் அறிவித்தார். 1930 மார்ச் தொடக்கத்துக்குள் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பண்ணைகளில் சேர்க்கப்பட்டன. எங்கும் கொந்தளிப்பு. மார்ச் 2ஆம் தேதி ஸ்டாலின் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதி, உள்ளூர் அதிகாரிகள் வெற்றி மயக்கத்தில் அத்துமீறிவிட்டதாகப் பழியை அவர்கள்மேல் போட்டார். உடனே மக்கள் பண்ணைகளை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். சில மாதங்களில் எண்ணிக்கை நாலில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியது. எவ்வளவு பேர் மனம் ஒப்பிச் சேர்ந்தார்கள் என்பதற்கு இதுவே அத்தாட்சி. ஆனால் நெருக்குதல் மீண்டும் தொடங்கி, 1937க்குள் 93 சதவீதக் குடும்பங்கள் பண்ணைக்குள் வந்துவிட்டன.

1930, 1931 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுமார் 18 லட்சம் பேர் குலாக் என்று முத்திரை குத்தப்பட்டுக் குடும்பத்தோடு தொலைதூரங்களுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். கிராமத்தில் நன்றாக விவசாயம் தெரிந்தவர்களில் பலர் அவர்களோடு போய்விட்டார்கள்.

பண்ணைக்குக் கொடுப்பதைவிட வெட்டித் தின்பதே மேல் என்று பலர் கால்நடைகளை அடித்தார்கள். தீவனமின்றியும் ஏராளமானவை செத்தன. 1928ல் சுமார் 7 கோடியாக இருந்த மாடுகள் 1933ல் 4 கோடிக்கும் கீழே வந்தன. உழவுக்கு இருந்த குதிரைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. உழவு மாடும் எருவும் போன நிலத்தில் விளைச்சல் எப்படிப் பெருகும்?

விளைச்சல் குறைந்தும் கொள்முதல் இலக்கைக் குறைக்கப் போதிய மனம் வரவில்லை. 1932 ஆகஸ்டு 7ஆம் தேதி வந்த சட்டத்தின்படி பண்ணைத் தானியத்தைத் திருடினால் மரண தண்டனை அல்லது பத்தாண்டுச் சிறை. அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கியவர்கள்கூட இதில் சிக்கினார்கள். 1932-33 பஞ்சத்தில் 50 லட்சத்திலிருந்து 70 லட்சம் பேர் வரை மாண்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். உக்ரைனும் கஜக்ஸ்தானும் மிகக் கொடிய அடிபட்டன. உலகுக்கே கோதுமை தந்த உக்ரைனின் கரிசல் மண்ணில் பயிரிட்டவர்களே பட்டினியால் செத்தார்கள்.

அரைக் கால் நிலமும் சந்தையும்

பண்ணையில் வேலை செய்தவர்களுக்குக் கூலி நாள் கணக்கில் எழுதப்பட்டது. அரசுப் பங்கு, டிராக்டர் நிலையத்தின் பங்கு, விதை ஆகியவை போக, மிஞ்சியதைத்தான் ஆண்டு முடிவில் பங்கிட்டார்கள். பல இடங்களில் மிஞ்சியது சொற்பம்.

மக்கள் பிழைத்தது வேறொன்றால். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு தோட்டமும் ஒரு பசுவும் சொந்தமாக வைத்துக்கொள்ள 1935ஆம் ஆண்டு விதிகள் இடம் கொடுத்தன. தோட்டத்தின் அளவு பெரும்பாலும் கால் ஹெக்டேர் முதல் அரை ஹெக்டேர் வரை. அதாவது சுமார் 60 சென்ட் முதல் ஒன்றேகால் ஏக்கர் வரை. அதில் விளைந்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பால், முட்டை ஆகியவற்றைப் பட்டணத்துச் சந்தையில் கிடைத்த விலைக்கு விற்கலாம் என்று 1932லேயே அனுமதி கொடுத்திருந்தார்கள். பிற்காலத்தில் மொத்தச் சாகுபடிப் பரப்பில் சுமார் 3 சதவீதமே இருந்த இந்தத் தோட்டங்கள், நாட்டின் விவசாய உற்பத்தியில் ஏறக்குறைய கால்பங்கைத் தந்தன. சந்தையை ஒழிக்கப் புறப்பட்ட அரசாங்கமே நம் பெரிய மார்க்கெட் போன்ற சந்தைகளை ஊர்தோறும் நடத்த வேண்டி வந்தது.

சீனத்துக் கொம்யூன்

புதுச்சேரி விவசாயிகளுக்குக் கொம்யூன் என்ற சொல் பழக்கமானது. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் எல்லாம் கொம்யூன் பஞ்சாயத்துகளே. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு இங்கே உள்ளாட்சி என்றுதான் பொருள். 1958ல் சீனாவில் மாவோ அமைத்த கொம்யூன் வேறு. அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலம், மாடு, ஏர் எல்லாமே பொதுவாக்கப்பட்டன. சமையல்கூடப் பொதுவில்தான். 1959 முதல் 1961 வரை அங்கும் கோரமான பஞ்சம் வந்தது. 1978ல் அன்ஹூய் மாநிலத்துச் சியாவ்காங் கிராமத்தில் 18 குடும்பங்கள் நிலத்தைத் தமக்குள் இரகசியமாகப் பிரித்துக்கொண்டு பயிரிட்டன. விளைச்சல் கூடியது. சில ஆண்டுகளில் சீனா முழுவதும் குடும்பச் சாகுபடிக்குத் திரும்பியது.

எல்லாக் கம்யூனிஸ்டு நாடுகளும் இதே பாதையில் கடைசி வரை போகவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். யூகோஸ்லாவியா 1953லும், போலந்து 1956லும் கட்டாயக் கூட்டுப் பண்ணையைக் கைவிட்டன.

நம் நாட்டில் நடந்தது

பட்டணத்துக்கு உணவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி இந்தியாவுக்கும் வந்தது. 1956ல் இரண்டு குழுக்கள் சீனாவுக்குச் சென்று பார்த்துவந்தன. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, கூட்டுறவு முறையில் சேர்ந்து பயிரிடுவதே எதிர்கால வழி என்று தீர்மானம் போட்டது. சரண்சிங் அங்கேயே எதிர்த்துப் பேசினார். ராஜாஜியும் என். ஜி. ரங்காவும் அதே ஆண்டு சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்தத் தீர்மானமும் ஒரு காரணம். எதிர்ப்புச் சொல்லவும் ஓட்டுப் போடவும் விவசாயிக்கு உரிமை இருந்ததால் அந்தத் தீர்மானம் ஏட்டளவில் நின்றது.

அதன்பின் இந்தியா வேறு வழியில் போயிற்று. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூரில் தன் பணியைத் தொடங்கியது. விலை நிர்ணயிக்கும் குழுவும் அதே மாதம் ஏற்பட்டது. நெல் லெவியும், மாவட்டம் விட்டு மாவட்டம் நெல் கொண்டுபோகத் தடையும் இருந்த நாட்களை மூத்த விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதிலும் கசப்பு இருந்தது. ஆனால் நிலமும் ஏரும் அவரவரிடமே இருந்தன.

இந்தியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த இடங்களிலும் கூட்டுப் பண்ணை கட்டாயமாக்கப்படவில்லை. நம் மாகே பகுதியைச் சூழ்ந்துள்ள கேரளத்தில் 1957 ஏப்ரலில் பதவியேற்ற இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவை, குத்தகைதாரரை வெளியேற்றக் கூடாது என்று உடனே அவசரச் சட்டம் போட்டது. 1970 ஜனவரி 1 முதல் அங்கே குத்தகை முறை ஒழிந்தது. மேற்கு வங்கத்தில் 1978 முதல் சுமார் 14 லட்சம் வாரதாரர்களின் உரிமை பதிவு செய்யப்பட்டது. உழுபவனுக்கு நிலம் என்பதோடு அவர்கள் நின்றார்கள்.

எதைச் சேர்த்துச் செய்வது, எதைத் தனியாக வைப்பது?

இதிலிருந்து சேர்ந்து செய்வதே தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தனி ஒருவராக மண்டிக்குப் போனால் கமிஷன்காரர் சொன்னதே விலை. இரண்டு மூட்டைக்கு வண்டி வாடகையும் கட்டாது. நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பாகூர் ஏரி ஊருக்குப் பொது. வயல் அவரவருக்குச் சொந்தம். குடிமராமத்தை ஊரே கூடிச் செய்தது. அறுவடையை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கேரளத்துக் குட்டநாட்டிலும் இதே முறைதான். வயலில் தேங்கிய நீரை எல்லாரும் சேர்ந்து இறைக்கிறார்கள், நெல் அவரவருடையது. தமிழ்நாடு அரசு 2017-18ல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்திலும் இருபது விவசாயிகள் ஒரு குழுவாகவும், அப்படி ஐந்து குழுக்கள் நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவாகவும் சேர்ந்து, 5 லட்சம் ரூபாய் நிதியில் இயந்திரங்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். பட்டா கைமாறுவதில்லை.

ஆகவே எந்தக் குழுவிலோ சங்கத்திலோ சேரும் முன் விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. பட்டாவும் சிட்டாவும் யார் பெயரில் இருக்கும்?

2. என்ன பயிரிடுவது என்று முடிவு செய்வது யார்? உறுப்பினர் கூட்டமா, வெளியாரா?

3. விளைந்ததைக் குழுவிடம்தான் விற்க வேண்டுமா? வெளியே கூடுதல் விலை கிடைத்தால் அங்கே விற்கலாமா?

4. பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்? பிடித்தம் எவ்வளவு?

5. வரவு செலவுக் கணக்கை எந்த உறுப்பினரும் பார்க்கலாமா?

6. பிடிக்காவிட்டால் விலகலாமா? விலகும்போது போட்ட பங்குப் பணம் திரும்பி வருமா?

இவற்றுக்கெல்லாம் திருப்தியான பதில் கிடைத்தால் தயங்காமல் சேரலாம். உரம் வாங்குவது, டிராக்டர் வைப்பது, லாரி பிடிப்பது, எடை போடுவது எல்லாம் நூறு பேர் சேர்ந்தால் மலிவாக முடியும். தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஒரே லாரியில் நூறு மூட்டை போனால் பேரம் பேசவும் தெம்பு இருக்கும். ரஷ்ய விவசாயி இழந்தது ‘இந்த விலைக்கு விற்பதாக இல்லை’ என்று சொல்லும் உரிமையை. அந்த உரிமையைப் பலப்படுத்தும் சங்கம் எதுவானாலும் சிறு விவசாயிக்கு அது நல்ல சங்கமே. மூன்றாவது கேள்விக்கும் ஆறாவது கேள்விக்கும் பதில் சொல்லத் தயங்கும் சங்கத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.